பாம்புப் பெட்டியில் சூடு சரியில்லையா? அறிகுறியிலிருந்து கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

நவம்பர் பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எனக்குத் தெரிந்து பாம்பு வளர்க்கும் தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். ஆனால் அவர்கள் எல்லோரிடமும் என் எண் இருக்கிறது. "அண்ணா, எந்த ஹீட்டர் நல்லது?" என்று கேட்பார்கள். "இப்போது பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது? எதை வைத்து அளந்தாய்? எந்த இடத்தில் அளந்தாய்?" என்று நான் கேட்பேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சே இருக்காது.

கருவி பழுதாகிப் பாம்பு துன்பப்பட்டதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நல்ல கருவியை வைத்துக்கொண்டு, சூட்டைத் தவறான இடத்தில் அளந்து, அந்தப் பொய் எண்ணை நம்பி இன்னொரு கருவி வாங்கி, அதையும் அதே பொய் எண்ணால் ஆட்டிவைப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள்.

நான் எழுதுவது பந்து மலைப்பாம்பைப் பற்றி. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும் என்பதால் இந்தப் பெயர். ஆங்கிலப் பெயரை அப்படியே 'பால் பைத்தான்' என்று எழுதலாம்தான். புற்றுக்குப் பால் ஊற்றிய பரம்பரைக்கு அது வேறு அர்த்தம் கொடுத்துவிடும். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில், எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் பிராணி இது. ஆக, இதுவும் ஒரு புற்றுப் பாம்புதான். வட அமெரிக்கச் சோளப் பாம்பு வளர்ப்பவர்கள் கீழே வரும் எண்களில் இரண்டு டிகிரியைக் கழித்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல பாம்பு, சாரை, உள்நாட்டு மலைப்பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் படித்துவிட்டு வயல்வெளிக்குக் கிளம்ப வேண்டாம்.

எந்தக் கோளாறுக்கும் முன்னால்: அளவு

பாம்பு தன் உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வேண்டியபோது சூட்டுக்குப் போகும், போதுமென்றால் குளிர்ச்சிக்கு வரும். எனவே பெட்டி முழுவதும் ஒரே சூடு இருந்தால் அது எவ்வளவு 'சரியான' எண்ணாக இருந்தாலும் தவறுதான். ஒரு முனையில் படுக்கும் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். மறுமுனையில் காற்று 24 முதல் 27. இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம்.

அளப்பதற்குக் கம்பி முனை உள்ள இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகள், துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று ஆகியவை போதும். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானி உங்களிடம் இருந்தால் கழற்றி எறியுங்கள். அது சுவரின் நடு உயரத்தைக் காட்டுகிறது. பாம்பு சுவரின் நடுவில் தொங்குவதில்லை. அகச்சிவப்புத் துப்பாக்கியிலும் ஒரு பொறி உண்டு: அது கண்ணாடியை ஊடுருவாது. வெளியே நின்று கண்ணாடி வழியாகச் சுட்டால் வருவது கண்ணாடியின் சூடு மட்டுமே. பெட்டியைத் திறந்து, பாம்பு படுக்கும் இடத்தை நேராகப் பார்த்து அளக்க வேண்டும்.

இரண்டு நாள் அளந்து எழுதுங்கள். அதிகாலை, பிற்பகல், படுக்கப்போகும் முன். பொறுமை இல்லாதவர்கள் அதிகாலையை மட்டுமாவது எழுதுங்கள். வீட்டின் உண்மையான குளிர் அப்போதுதான் தெரியும்.

"தெர்மோஸ்டாட் 32 என்கிறது, துப்பாக்கி 41 என்கிறது"

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான் என்பதால் முதலில் வைக்கிறேன். நானும் இங்கேதான் பாடம் படித்தேன்.

என் முதல் பாம்பை ஒரு கடையில் முழுத் தொகுப்பாக வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, அடியில் ஒட்டும் வெப்பப் பாய், வட்ட முள் வெப்பமானி. தெர்மோஸ்டாட் (நாம் வைத்த சூட்டைத் தாண்டாமல் கருவியைக் கட்டுப்படுத்துவது) வேண்டாமா என்று கேட்டதற்கு, "இந்தப் பாய் அளவுக்கு மேல் சூடாகாது" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பாம்பைக் கையில் எடுத்தபோது வயிற்றுச் செதில்கள் வரிசையாகப் பழுப்பேறி இருந்தன. முள் வெப்பமானி அன்றும் 29 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாக இருக்கின்றன. கும்மிருட்டில் எலியின் உடற்சூட்டை வைத்தே குறி தவறாமல் பிடிக்கும். அப்படிப்பட்ட பிராணி, தன் வயிற்றுக்குக் கீழே தோல் வேகும்போது நகராமல் கிடக்கும் என்றால் நம்பக் கடினம். ஆனால் கிடக்கிறது. 'சுட்டால் தானாகவே விலகிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் வாங்கிய பிறகும் இந்தக் கோளாறு வருவதற்குக் காரணம் அதன் கம்பி முனை. உணர்முனை என்று வைத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட்டுக்கு உங்கள் பாம்பைத் தெரியாது, தொட்டியைத் தெரியாது. தன் உணர்முனை இருக்கும் ஒரு கடலை அளவு இடம்தான் அதன் உலகம். அந்த முனையைப் பாய்க்கு மேலே காற்றில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? காற்றை 32 டிகிரிக்குக் கொண்டுவரும் வலு பாய்க்கு இல்லை. முனை 'இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பாய் முழுவீச்சில் எரிந்துகொண்டே இருக்கும். தரை 41ஐத் தாண்டும்.

சரியான இடம் எது? பாய் தொட்டிக்கு வெளியே அடியில் இருந்தால், பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே முனையைச் செருகுங்கள். பிறகு தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மறந்துவிடுங்கள். உள்ளே கண்ணாடித் தரையைத் துப்பாக்கியால் அளந்து, அது 32 காட்டும்வரை தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்குங்கள். வெளியே 35 என்று வைத்தால்தான் உள்ளே 32 வருகிறதா? அப்படியே இருக்கட்டும். மேலிருந்து வரும் வெப்பமாக இருந்தால், முனை வெப்பத்துக்கு நேர் கீழே, பாம்பின் முதுகு வரும் உயரத்தில் இருக்க வேண்டும்.

முனையை எங்கே வைத்தாலும் அசையாமல் வையுங்கள். பாம்பு அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்ட கதைகள் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும் முனை, கருவியை நிறுத்தவே விடாது. மேலே சிறுநீர் பட்டு ஈரமாக இருந்தாலும் சூடு குறைவாகத் தெரியும். ஆனால் பெட்டிக்குள் ஒட்டுநாடா மட்டும் வேண்டாம். ஒரு மூலை கழன்றால் போதும், பாம்பு அதில் ஒட்டிக்கொண்டு தோல் கிழிந்துவிடும். வெளியிலிருந்து கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்போ, காய்ந்த சிலிகோனோ நல்லது.

இன்னொரு காரணம், படுக்கையின் தடிமன். தும்புத்தூளை (தேங்காய் நார்த்தூள், நம்மவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை) ஆறு, ஏழு சென்டிமீட்டருக்குக் கொட்டி வைத்தால் மேற்பரப்பு குளிர்ச்சியாக இருக்கும், அடிக்கண்ணாடி கொதிக்கும். மேலே அளந்து 'போதவில்லை' என்று ஏற்றுவீர்கள். பாம்பு இரவில் தோண்டிக்கொண்டு நேரே அடிக்குப் போகும். அடிப்பாய் வைத்திருந்தால் அதற்கு மேல் ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தூள் வேண்டாம். தடிமனான படுக்கைதான் வேண்டும் என்றால் அடிப்பாயைக் கைவிட்டு மேல்வெப்பத்துக்கு மாறுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள நினைப்பது இரட்டைத் தோணியில் கால்.

பாய் வெளியே ஒட்டியிருக்கும் தொட்டியை மேசைமேல் தட்டையாக வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் ரப்பர் கால் கொடுத்துக் காற்று போக இடம் விடுங்கள். தேங்கும் சூடு கண்ணாடியை விரிசல்விட வைக்கும், மேசையையும் கருக்கும்.

"தரை சுடுகிறது, காற்று மட்டும் குளிர்கிறது"

நிலக்கீழறையில் பாம்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஜனவரியில் வரும் கோளாறு. மேல்மாடியில் 22 டிகிரி இருக்கும்போது கீழே 18 இருக்கும். பாயின் மேல் துப்பாக்கி 32 என்கிறது, உணர்முனை சரியாக இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் குளிர்முனையில் 20. உடனே பாயின் தெர்மோஸ்டாட்டை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். பாய் தொடும் பொருளைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. ஏற்றினால் குளிர்முனை குளிராகவே இருக்கும், சூட்டுமுனை மட்டும் அடுப்பாகும்.

இங்கேதான் உண்மையிலேயே இன்னொரு கருவி வேண்டும். எது என்பது உங்கள் பெட்டியைப் பொறுத்தது.

வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியா? பகலுக்கு ஹாலோஜன் விளக்கு, இரவுக்கு செராமிக் எமிட்டர் (வெப்பம் மட்டும் தரும் பீங்கான் குமிழ்) என்று இரண்டு வைப்பேன். ஹாலோஜன் மலிவு என்பதால் அதைக் குறைவாக எண்ண வேண்டாம். சூரியனிலிருந்து தரைக்கு வரும் அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதி குறுகிய அலைநீளம் கொண்டது. தோலுக்குள் சற்று ஆழமாக இறங்கும். ஹாலோஜனில் அந்த வகைக் கதிர் தாராளமாக உண்டு. பாயும் செராமிக்கும் தருவது பெரும்பாலும் நீண்ட அலைநீளக் கதிர், மேல்தோலோடு நின்றுவிடும். காலை வெயிலில் முதுகைக் காட்டி நிற்பதற்கும் சூடான சுவரில் சாய்வதற்கும் உள்ள வேறுபாடு இது. அதோடு ஹாலோஜன் கீழே இருக்கும் கல்லையும் தட்டையான ஓடுகளையும் சூடாக்கி வைக்கும். விளக்கு அணைந்த பிறகும் பாம்பு வந்து அதன்மேல் படுக்கும்.

செராமிக் எமிட்டர் வெளிச்சம் தராது. அதனால் இரவுக்கு ஏற்றது. ஆனால் அதன் மேற்பரப்பு இருநூறு டிகிரிக்கு மேல் போகும். பீங்கான் சாக்கெட்டில் மட்டுமே மாட்டுங்கள்; பிளாஸ்டிக் சாக்கெட் உருகும். பெட்டிக்குள்ளே தொங்கவிடுவதானால் கம்பிக் கூண்டு கட்டாயம். வெறும் எமிட்டரைச் சுற்றிக்கொள்ளப் பாம்புக்கு ஒரு நொடி போதும்.

மரப்பெட்டியா, பிவிசி பெட்டியா? கூரையில் திருகும் ரேடியன்ட் பேனல்தான் என் தேர்வு. தட்டையான பலகை, பாம்பு சுற்றிக்கொள்ள இடம் இல்லை, மேற்பரப்பும் எமிட்டர்போலக் கொதிக்காது. விலை கையைக் கடிக்கும். என் இரண்டாவது பெட்டியில் ஒரு பேனல் பத்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நான் வாங்கியிருக்கக்கூடிய எமிட்டர்களின் விலையைக் கூட்டிப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எத்தனை வாட்? கடைக்காரர் ஒரு எண் சொல்வார். அவருக்கு உங்கள் நிலக்கீழறையைத் தெரியாது. சரியான கருவி, ஆண்டின் மிகக் குளிரான இரவிலும் முழு வேகத்தில் ஓட வேண்டியிராது. முக்கால் பங்கில் சமாளிக்கும். விடிய விடிய நூறு சதவீதத்தில் ஓடியும் எண் எட்டவில்லையென்றால் சிறிது. சில நிமிடம் எரிந்து பல நிமிடம் அணைந்து கிடந்தால் பெரிது. 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே, தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளாதா' என்று கேட்பார்கள். தெர்மோஸ்டாட் எரிந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் நாள் ஒன்று வரலாம். அன்று 60 வாட் என்றால் பாம்பு குளிர்முனைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். 150 வாட் என்றால் பெட்டியில் குளிர்முனையே இருக்காது.

கருவி வாங்கும் முன் பெட்டியை மூடிப் பார்த்தீர்களா? தொட்டியின் மூன்று பக்கச் சுவர்களுக்கு வெளியே காப்புப் பலகை ஒட்டி, வலைமூடியின் மூன்றில் இரண்டு பங்கை அடைத்தாலே இரண்டு, மூன்று டிகிரி ஏறக்கூடும். விளக்குக்குக் கீழே உள்ள வலையை மட்டும் திறந்தே விடுங்கள்.

சூட்டுக்கல் என்று ஒன்று விற்கிறார்கள், உள்ளே மின்கம்பி வைத்த செயற்கைப் பாறை. ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் வெதுவெதுக்கும். யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் மின்கம்பியை வெட்டிவிட்டு அலங்காரத்துக்கு வையுங்கள். இரவுக்கென்று விற்கும் சிவப்பு விளக்கும் வேண்டாம். பாம்புக்குச் சிவப்பு தெரியாது என்பது கட்டுக்கதை. இரவு என்றால் இருட்டு.

"விளக்கு மினுக்கு மினுக்கு என்கிறது, மாதம் ஒரு மின்குமிழ் போகிறது"

தெர்மோஸ்டாட்டும் கருவியும் சோடி சேரவில்லை. மூன்று வகைத் தெர்மோஸ்டாட்டுகள் உண்டு. ஒன்று, வெறுமனே அணைத்து ஏற்றுவது. பாய்க்குப் போதும், எமிட்டருக்கும் ஒப்பேற்றலாம். இரண்டாவது, மின்சாரத்தைச் சிறுசிறு துடிப்பாக அனுப்புவது. பாய்க்கும் எமிட்டருக்கும் மிக நல்லது. மூன்றாவது, மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கூட்டுவது. வெளிச்சம் தரும் எந்த விளக்குக்கும் இதைத் தவிர வேறு எதுவும் சரிவராது. துடிப்பு வகையில் ஹாலோஜனை மாட்டினால் பெட்டி கலியாண மண்டபம்போல் மின்னும். அணைத்து ஏற்றும் வகையில் மாட்டினால் இழை அடிக்கடி சூடாகி ஆறிச் சீக்கிரம் அறுந்துவிடும்.

மூன்றாவது வகை வைத்திருந்தும் மின்குமிழ் போகிறதா? சாக்கெட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பெட்டியின் கதவை அடித்துச் சாத்தும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

"ஒரே பக்கம் கிடக்கிறது" அல்லது "தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வருவதில்லை"

இரை விழுங்கிய பிறகு இரண்டு, மூன்று நாள் சூட்டுமுனையில் கிடப்பது இயல்பு. செரிப்பதற்கு அது தேவை. அது தவிர வாரக்கணக்கில் சூட்டுமுனையை விட்டு நகரவில்லையென்றால் குளிர்முனையை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 22க்குக் கீழே இருக்கும். குளிர்முனையை விட்டு நகரவில்லையென்றால் சூட்டுமுனை அதிகம் கொதிக்கிறது.

இரண்டு முனையும் எண்ணில் சரியாக இருந்தும் நகரவில்லையா? பாம்பு ஒளிந்துகொள்ள நீங்கள் வைத்த பொந்துகளைப் பாருங்கள். ஒரு முனையில் நெருக்கமான நல்ல பொந்தும் மறுமுனையில் வெட்டவெளியும் இருந்தால், இந்தப் பாம்பு சூட்டைத் தியாகம் செய்தாவது பொந்தையே தேர்ந்தெடுக்கும். சூடா பாதுகாப்பா என்று அதைத் தேர்வு செய்ய வைக்கக் கூடாது. இரு முனையிலும் ஒரே மாதிரி இரண்டு பொந்து வையுங்கள். உள்ளே போனால் முதுகு கூரையில் உரச வேண்டும், அவ்வளவு சிறிதாக. இதைச் செய்த மறுநாளே 'ஹீட்டர் கோளாறு' சரியான வீடுகள் எனக்குத் தெரியும்.

தண்ணீரில் ஊறிக்கொண்டே கிடந்தால் முதலில் சூட்டை அளங்கள். சூடு சரியென்றால் கிண்ணத்துத் தண்ணீரை ஒரு வெள்ளைத் தாளில் ஊற்றிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது உண்ணி. வெப்பக் கட்டுரையில் அதற்கு மருந்து இல்லை.

இரவெல்லாம் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரிவதும் பல நேரம் சூட்டின் குறைதான். போக ஓர் இடம் தேடுகிறது, பெட்டிக்குள் அந்த இடம் இல்லை.

"சாப்பிடவில்லை" அல்லது "விழுங்கியதைக் கக்கிவிட்டது"

இரண்டும் வேறு வேறு. முதலாவதுக்குப் பதறாதீர்கள், இரண்டாவதை அலட்சியம் செய்யாதீர்கள்.

வளர்ந்த பந்து மலைப்பாம்பு, குறிப்பாக ஆண், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சாதாரணம். பிள்ளை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் ஊரைக் கூட்டும் நம் வீடுகளில் இதை விளங்கவைப்பது கடினம். என் அம்மா மூன்று மாதம் தினமும் "அது ஏதும் சாப்பிட்டதா?" என்று கேட்டார், அதற்கு முன் அவர் அந்த அறைக்குள் காலடி வைத்ததில்லை. செய்ய வேண்டியது எடை பார்ப்பது. சமையலறைத் தராசு போதும், ஆனால் பாம்புக்கென்று தனியாக ஒன்று வாங்குங்கள். குடும்ப அமைதி முக்கியம். எடை நிலையாக இருந்தால் காத்திருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது வளரும் குட்டி பல வாரம் தொடர்ந்து மறுத்தால், சூட்டுமுனையை மறுபடி அளந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கக்கிவிட்டால் கதை வேறு. சூடு போதாமல் வயிற்றுக்குள் இரை செரிக்காமல் கெடத் தொடங்கினால் பாம்பு அதை வெளியே தள்ளும். கேட்க வேண்டிய கேள்வி: இரை கொடுத்த பிறகு வந்த இரண்டு இரவுகளில் சூட்டுமுனை எவ்வளவு இருந்தது? பகலில் அளந்த எண்ணை என்னிடம் சொல்லாதீர்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் நினைவில் வைக்கும் வெப்பமானி இருந்தால் அதில் பாருங்கள். ஹாலோஜன் இரவு பத்துக்கு அணைந்து, மாற்றாக எதுவும் இல்லாமல், விடியலில் 21க்கு இறங்கிய பெட்டிகளில்தான் இது அதிகம் நடக்கிறது. கையில் எடுத்து விளையாடியதும் காரணமாகலாம்; இரைக்குப் பின் 48 மணி நேரம் தொடாதீர்கள். கக்கிய பிறகு பாவம் பார்த்து மறுநாளே இன்னொரு எலி கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் விட்டு, வழக்கத்தில் பாதி அளவில் கொடுங்கள். மறுபடியும் கக்கினால் மருத்துவர்.

"சட்டை துண்டு துண்டாக உரிகிறது"

நல்ல சட்டை, மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றியதுபோல் வரும். துண்டுகளாக வந்தால் ஈரப்பதம் குறைவு. இதை ஏன் வெப்பத்தோடு சேர்க்கிறேன் என்றால், காரணம் பெரும்பாலும் நீங்கள் போன மாதம் பொருத்திய அந்தப் புதிய விளக்கு. மேல்வெப்பம் எல்லாமே காற்றை உலர்த்தும். அதற்கு மேல் கனடாவின் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எந்திரத்திலிருந்து வரும் காற்றே காய்ந்த காற்று. நம் உதடே வெடிக்கும்போது பாம்பின் சட்டை எப்படி இருக்கும்?

விளக்கைக் கழற்ற வேண்டாம். மூடியை அடையுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கிச் சூட்டுமுனைப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், ஒரு பொந்துக்குள் ஈரப்பாசி வையுங்கள். தும்புத்தூளின் மூலைகளில் தண்ணீர் ஊற்றினால் அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பரப்பு உலர்வாகவும் இருக்கும், அப்படித்தான் வேண்டும். தினமும் தெளிப்பானால் மேலே நனைத்துக்கொண்டிருந்தால் வயிற்றுச் செதில் அழுகும். ஈரமும் குளிரும் சேர்வதைவிட மோசமானது வேறில்லை: ஈரப்பதத்தை ஏற்றும் நாளிலிருந்து குளிர்முனையையும் கண்காணியுங்கள்.

கண்மேல் இருக்கும் மூடிச்செதில் உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். அடுத்த சட்டையோடு வரட்டும்.

இவற்றை நீங்களே சரிசெய்ய முடியாது

மூச்சில் விசில் சத்தம், வாய் ஓரத்தில் நுரை, தலையை வானத்தைப் பார்த்தபடி தூக்கி வைத்திருப்பது, வாயைத் திறந்து மூச்சு விடுவது: நெடுநாள் குளிர் தந்த சுவாசத் தொற்றாக இருக்கலாம். வயிற்றில் பழுப்பு, சிவப்பு, கொப்புளம்: வெந்த புண். சட்டை உரிப்பதற்கு முன் வயிறு முழுவதும் இளஞ்சிவப்பாகிக் கண் நீலம் பாய்வது இயல்பானது. புண் அப்படி இராது, திட்டுத்திட்டாக, பாய் இருந்த இடத்துக்கு நேராக இருக்கும்.

ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரை அன்றே அழையுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் உங்களைவிட அதிகமாகத் திகைக்கக்கூடும். அதுவரை தூள் படுக்கையை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் விரியுங்கள். பாயை அணைத்துவிட்டு மேல்வெப்பத்தால் குளிர்முனையை 26, 27க்குக் கொண்டுவாருங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை எதுவும் பூசாதீர்கள். எனக்கும் ஆலோசனை சொன்னார்கள், அன்பால்தான் சொன்னார்கள்.

"மின்சாரம் போய்விட்டது"

2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதியில், ரொறன்ரோவில் பனிமழை உறைந்து மரங்களையும் கம்பிகளையும் சாய்த்தது. நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள்தான் மின்சாரம் வந்தது.

ஆரோக்கியமான வளர்ந்த பாம்பு ஓரிரு நாள் 20 டிகிரியைத் தாங்கும். எனவே முதல் மணி நேரத்தில் ஓடாதீர்கள். பெட்டியைக் கனமான போர்வையால் மூடுங்கள், காற்றுக்குச் சிறு இடைவெளி விட்டு. வீடு 18க்கு இறங்கினால் பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். மூடியில் சில துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். சுடுநீர் நிரப்பிய போத்தலைத் தடித்த துவாயில் சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள். பாம்பை நேரே தொடக் கூடாது. வெறுங்கையால் துவாயைப் பிடித்து ஒரு நிமிடம் இருக்க முடியாவிட்டால் பாம்புக்கும் அது அதிகம். அந்த நாட்களில் இரை கொடுக்க வேண்டாம். வயிற்றில் இரையோடு இருக்கும் பாம்புக்குத்தான் போத்தலை முதலில் நிரப்ப வேண்டும்.

வீட்டுக்குள் கரி அடுப்பையோ முகாம் அடுப்பையோ மூட்டாதீர்கள். அந்தப் புயலின்போது கார்பன் மோனாக்சைடு நச்சேறிப் பாதிக்கப்பட்டவர்கள் பலர்.

மின்சாரம் திரும்பியதும் எல்லோரும் செய்யும் தவறு, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவது. மலிவான தெர்மோஸ்டாட்டுகள் சில, மின்சாரம் போய் வந்ததும் நீங்கள் வைத்த எண்ணை மறந்து, தொழிற்சாலையில் வைத்த எண்ணுக்குத் திரும்பிவிடும். அன்று எனக்கு அப்படித்தான் ஆனது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கைவிளக்கோடு கீழே போய்ப் பார்த்தபோது திரையில் 40 என்று இருந்தது. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது. இப்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம்: தெர்மோஸ்டாட்டின் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். நீங்கள் வைத்த எண் இல்லையென்றால், எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று என்னைக் கேட்கும் முன் அந்தத் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.